பச்சை விளக்கு எரிகிறது, யாருக்கும் கேட்கவில்லை

மூன்று வெள்ளிக்கிழமைகள். மூன்றிலும் இரவு ஒன்பது மணிக்கு அங்கிள் என் அழைப்புக்குறியைச் சொல்லிக் கூப்பிட்டார். எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் பதில் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். மறுபடி சொன்னேன். பிறகு அலைவரிசையில் இருந்த இன்னொருவரிடம், "பிள்ளைக்கு வேலை இருக்கும்போல, பரவாயில்லை" என்று மலாய்மொழியில் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

அவர் இருப்பது மிரியில், மகள் வீட்டில். நான் கிள்ளானில். நடுவில் ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர், பெரும்பாலும் கடல். நான் மைக்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன், மேசைமேல் இருக்கும் சின்னப் பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

என் வேலையே வானொலியில் பேசுவதுதான். ஆனால் பணியிடத்தில் ஆண்டெனாவைப் பற்றி ஒரு நாளும் யோசித்தது கிடையாது. எஃப்.எம். நிலையத்துக்கு ஒதுக்கப்பட்டது ஒரே அலைவரிசை. கோபுரத்தில் இருக்கும் ஆண்டெனாவை அந்த ஒரே எண்ணுக்காக அளவெடுத்துச் செய்து, பொறியாளர்கள் ஒரு முறை சரிபார்த்துவிட்டால் போதும், ஒலிபரப்பு ஓடிக்கொண்டே இருக்கும். நாங்கள் மைக் முன்னால் உட்கார்ந்து சிரித்தால் மட்டும் போதுமானது.

வீட்டில் நான் வைத்திருக்கும் அமெச்சூர் வானொலி அப்படியில்லை. ஹாம் ரேடியோ என்றால் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் தேர்வை எழுதி, உரிமம் வாங்கி, சொந்த அழைப்புக்குறியோடு உலகத்தோடு பேசுவது. தீபகற்பத்தில் இருப்பவர்களின் குறி 9எம்2 என்றும், சரவாக்கில் 9எம்8 என்றும் தொடங்கினால் உரிமத்தில் உயர்ந்த படியில் இருப்பவர் என்று புரிந்துகொள்ளலாம். எங்களுக்கு ஒரே ஓர் எண் இல்லை. 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம், 14-இல் கொஞ்சம், 21-இல் கொஞ்சம், 28-இல் கொஞ்சம் என்று பல இடங்களில் பேசலாம். எந்த நேரத்தில் எது தொலைவுக்கு எட்டும் என்பது வானத்தையும் சூரியனையும் பொறுத்தது. இருப்பதோ ஒரே ஒரு கம்பி. எல்லா இடத்துக்கும் அந்த ஒரு கம்பியையே ஒத்துப்போக வைக்க வேண்டும். அதற்குத்தான் டியூனர்.

இதைப் புரிந்துகொள்ளத் துணி காயப்போடும் மெல்லிய கயிறு ஒன்றையும், மாடு கட்டும் தடித்த கயிறு ஒன்றையும் முடிச்சுப் போட்டு, மெல்லிய முனையைப் பிடித்து ஓர் உதறு உதறிப் பாருங்கள். அலை முடிச்சு வரைக்கும் ஓடும். அங்கே ஒரு பகுதி தடித்த கயிற்றுக்குள் போகும், மீதி உங்கள் கைக்கே திரும்பி வரும். வானொலிப் பெட்டி 50 ஓம் என்ற ஓர் அளவுக்குச் செய்யப்பட்டது. கேபிளும் 50 ஓம். ஆண்டெனா மட்டும் அதன் நீளம், உயரம், பக்கத்தில் இருக்கும் தகரக் கூரை ஆகியவற்றைப் பொறுத்து எந்த எண்ணிலும் இருக்கலாம். ஒத்துப்போகாவிட்டால் அனுப்பிய சக்தியில் ஒரு பங்கு திரும்பி வரும். எவ்வளவு திரும்புகிறது என்பதைக் காட்டும் கணக்குதான் எஸ்.டபிள்யூ.ஆர். 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. 1.5 என்றால் நூற்றுக்கு 4 பங்கு. 2 என்றால் 11. 3 என்றால் 25. இரண்டைத் தாண்டினால் இப்போதைய பெட்டிகள் பலவும் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள சக்தியைத் தாமாகவே குறைத்துவிடும்.

டியூனர் ஆண்டெனாவைச் சரிசெய்வதாகப் பலர் நினைக்கிறார்கள். பெயரே அப்படி ஏமாற்றுகிறது. மேசைமேல் இருக்கும் டியூனர் கூரைமேல் இருக்கும் கம்பியில் ஒரு மில்லிமீட்டரைக்கூட மாற்றுவதில்லை. அது ஒரு மொழிபெயர்ப்பாளர். ஆண்டெனா என்ன எண்ணைச் சொன்னாலும் அதைப் பெட்டியிடம் "ஐம்பது" என்று மொழிபெயர்த்துச் சொல்கிறது. பெட்டி நிம்மதியாக முழுச் சக்தியையும் அனுப்புகிறது. அந்தப் பக்கம் இருப்பவர் உண்மையில் என்ன சொன்னார் என்பது பெட்டிக்குத் தெரியாது.

இந்த வேலையைக் கையாலும் செய்யலாம், இயந்திரமும் செய்யும்.

அங்கிள் எனக்குக் கற்றுக்கொடுத்தது கையால். அப்போது அவர் எங்கள் தாமானில் இரண்டு வரிசை தள்ளி இருந்தார். தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூட சாப்பாட்டு டப்பாவைவிட இரண்டு மடங்கு பெரிய இரும்புப் பெட்டி ஒன்று அவரிடம் இருந்தது. முன்னால் மூன்று குமிழ்கள். ஓரங்களில் இருக்கும் இரண்டும் மின்தேக்கிகள், நடுவில் இருப்பது கம்பிச்சுருள். சுருளை எத்தனை சுற்று சேர்ப்பது என்பதை நடுக்குமிழ் தீர்மானிக்கும்.

முதலில் பேச்சே கிடையாது. கேட்க வேண்டும். மூன்று குமிழையும் மெதுவாகத் திருப்பி, ஒலிபெருக்கியில் இரைச்சல் எங்கே அதிகமாகிறது என்று காதால் பிடிக்க வேண்டும். அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் சரியான நிலை இருக்கும். பிறகு அந்த அலைவரிசையில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். இருந்தால் நகர்ந்துவிட வேண்டும். இல்லையென்றால் குறியைச் சொல்லிவிட்டு, சக்தியை 10 வாட்டுக்குக் குறைத்து, அனுப்பியபடியே முள்ளைப் பார்த்து ஒவ்வொரு குமிழாகத் திருப்ப வேண்டும். இடது, வலது, மறுபடி இடது. முள் இறங்கும், இறங்கும், ஒரு கட்டத்தில் சட்டென்று அடியில் போய் உட்காரும். முதல் தடவை அது உட்கார்ந்தபோது நான் கைதட்டினேன். அங்கிள் சிரிக்கவில்லை.

"சுருள் எதுல நிக்குது?"

"இருபத்தஞ்சு, அங்கிள்."

"கெப்பாசிட்டர்?"

"ஒண்ணு, ஒண்ணரை."

"தொட்டுப் பாரு பெட்டிய." வெதுவெதுப்பாக இருந்தது. "முள்ளு சொல்றது சரிதான். ஆனா நீ அனுப்புறதுல பாதிய இந்தப் பெட்டியே தின்னுது."

இது கையால் செய்கிறவர்கள் பலர் மாட்டிக்கொள்ளும் இடம். இந்த மாதிரி டியூனரில் முள் இறங்கும் இடம் ஒன்று மட்டும் இல்லை. பல இடங்களில் இறங்கும். சுருளை அதிகமாகச் சேர்த்து, மின்தேக்கியைக் குறைவாக வைத்தாலும் முள் அழகாக உட்காரும், சுருள் மட்டும் சூடாகும். மின்தேக்கிகளை எவ்வளவு பெரிதாக வைக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக வைத்து, சுருளை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்துப் பிடிக்கும் இடம்தான் நல்ல இடம். அதைக் கண்டுபிடித்ததும் அங்கிள் ஒரு பள்ளிக்கூட நோட்டில் பென்சிலால் எழுதுவார். தேதி, அலைவரிசை, மூன்று குமிழின் எண்கள். கூடவே டியூனரை விலக்கிவிட்டுக் கம்பியை மட்டும் அளந்த எஸ்.டபிள்யூ.ஆரும். அது எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. டியூனர் இருக்கும்போது அந்த எண் எதற்கு?

மூன்று வருடத்துக்கு முன்னால் ஆன்ட்டி இறந்த பிறகு மகள் வந்து அவரை மிரிக்கு அழைத்துக்கொண்டு போனார். போவதற்கு முன்னால் என் வீட்டுக் கூரைமேல் ஆண்டெனா கட்டிக்கொடுத்தார். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை நீளம் சுமார் 20 மீட்டர். வரிசை வீட்டில் 20 மீட்டருக்கு எங்கே போவது? நடுவை உயர்த்தி, இரண்டு முனைகளையும் மடித்துக் கட்டினோம். அதனால் அந்தக் கம்பி ஒருநாளும் ஐம்பதுக்குப் பக்கத்தில் வந்ததில்லை. இரும்புப் பெட்டியையும் நோட்டையும் எனக்கே கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குப் பேசுவதென்று ஏற்பாடு.

போன வருடம் நான் தானியங்கி டியூனர் வாங்கினேன். ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறேன், வாங்கியதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. காலை நிகழ்ச்சி செய்துவிட்டு, கூட்டங்களுக்கும் போய்விட்டு, நெரிசலில் வீடு வந்து சேர்கிறவளுக்கு மூன்று குமிழைத் திருப்பிக்கொண்டிருக்கப் பொறுமை இருப்பதில்லை. புதுப் பெட்டியில் ஒரே பொத்தான். உள்ளே சின்னச் சின்னச் சுருள்களும் மின்தேக்கிகளும் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் முந்தியதைப்போல இரண்டு மடங்கு. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை ரிலே என்னும் சின்ன மின்காந்த சுவிட்சுகள் செய்யும். உதாரணத்துக்கு 7 சுருள், 7 மின்தேக்கி இருந்தால் 128-ஐ 128-ஆல் பெருக்க 16,384 சேர்க்கைகள். மின்தேக்கி எந்தப் பக்கம் நிற்பது என்பதையும் மாற்றலாம் என்றால் அது 32,768. எல்லாவற்றையும் அது பார்ப்பதில்லை. திரும்பி வருவது குறைகிறதா, கூடுகிறதா என்று பார்த்துப் பார்த்து நெருங்கிவிடும். டக டக டக டக என்று சில வினாடிகள் சத்தம். பிறகு பச்சை விளக்கு. அடுத்த முறை அதே அலைவரிசைக்கு வந்தால் நினைவிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

இரும்புப் பெட்டி பண்டக அறை அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. நோட்டும் கூடவே.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கைபேசி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று என்னைக் கேட்காத சொந்தக்காரர் இல்லை. 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலிக் கழகத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் குழுவினரோடு அந்தமானின் போர்ட் பிளேரில் இருந்தார். வேறு வேலையாகப் போன இடம். தொலைபேசி அறுந்துபோன நேரத்தில், அங்கே இருந்தவர்களைப் பற்றிய தகவல்கள் அவருடைய வானொலி வழியாக வெளியே போயின. அப்படி ஒரு நாளில் யாரும் 20 மீட்டரை அளந்து கம்பி கட்டிக்கொண்டிருக்க முடியாது. கிடைத்த கம்பியை மரத்தில் எறிந்து டியூனரைப் போட்டுப் பேச வேண்டியதுதான். அதனால் டியூனரே வேண்டாம், கம்பியைச் சரியாக வெட்டு என்று சாதிக்கும் பழைய ஆட்களோடும் என்னால் முழுதாகச் சேர முடியாது.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

முதல் வாரம் வானம் சரியில்லை என்று நினைத்தேன். இரண்டாவது வாரம் அவர் பெட்டியில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். என் பக்கம் கோளாறு இருக்கும் என்று தோன்றவே இல்லை. விளக்கு பச்சை. எல்லோரையும் கேட்க முடிகிறது. இன்னொன்றும் இருந்தது. முன்பெல்லாம் பொத்தானை அழுத்தினால் அத்தனை டக டக சத்தம் போட்ட பெட்டி, ஒரு மாதமாக ஒரே ஒரு டக்கோடு நின்றுவிடும். வீட்டுக்குப் பழகிவிட்டது என்று எனக்குச் சந்தோஷம் வேறு.

மூன்றாவது வாரம் முடிந்ததும் கைபேசியில் கூப்பிட்டேன். மகள்தான் எடுத்து அவர் காதருகே வைத்தார். நடந்ததைச் சொன்னேன்.

"டியூனர் என்ன நம்பர் காட்டுதும்மா?"

"நம்பர் எங்க அங்கிள், பச்சை விளக்குதான்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "டியூனர விலக்கிட்டுக் கம்பிய மட்டும் அளந்து பாரு. என் நோட்டு இருக்கா?"

அலமாரியிலிருந்து இறக்கினேன். பென்சில் எழுத்து மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. 7.1, விலக்கி அளந்தது 2.6. இப்போது அளந்தேன். 1.1.

"ஒண்ணு புள்ளி ஒண்ணு, அங்கிள். நல்லாத்தானே இருக்கு?"

"மூணு வருசம் வெயில்லயும் மழையிலயும் கெடந்த கம்பி தானாவே நல்லாயிருச்சா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை. 14-க்குப் போய் அளக்கச் சொன்னார். அந்தக் கம்பி 14 மெகாஹெர்ட்ஸில் சுத்தமாக ஒத்துப்போகாது. நோட்டில் "10-க்கு மேல்" என்று இருக்கிறது. நான் அளந்தபோது 1.2.

"அப்ப நீ ஆண்டெனாவோட பேசலம்மா, கேபிளோட பேசிக்கிட்டு இருக்க."

மறுநாள் காலை பசியாறிவிட்டுத் தம்பியோடு கூரை ஏறினேன். மழைக்கு முன்னால் இறங்கிவிட வேண்டும் என்று அம்மா கீழே நின்று கத்திக்கொண்டே இருந்தார். கேபிள் கம்பியோடு சேரும் இடத்தில் சுற்றிய ரப்பர் டேப் வெயிலில் வெடித்திருந்தது. அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போய், கேபிளுக்குள்ளேயே கீழே இறங்கியிருந்தது. வெட்டிப் பார்த்தோம். செம்பாக இருக்க வேண்டிய வலைப்பின்னல் கறுத்துப்போயிருந்தது. இன்னும் இரண்டு மீட்டர் தள்ளி வெட்டினோம், அங்கேயும் கறுப்பு.

அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கேபிள் கெட்டால், அனுப்பிய சக்தி ஆண்டெனாவுக்குப் போகும் வழியிலேயே சூடாகக் கரைந்துவிடும். போய்ச் சேர்ந்த கொஞ்சத்திலிருந்து திரும்பி வருவதும் வரும் வழியில் கரைந்துவிடும். பெட்டிக்கு எதுவுமே திரும்பி வராது. எதுவும் திரும்பவில்லை என்றால் எஸ்.டபிள்யூ.ஆர். பிரமாதம் என்றுதானே அர்த்தம்! நான் அனுப்பிய 100 வாட்டில் கம்பிக்குப் போய்ச் சேர்ந்தது சுமார் 10 வாட் மட்டுமே. மொழிபெயர்க்க வேலையே இல்லாததால்தான் டியூனர் ஒரே டக்கோடு நின்றது. கேட்பதில் மட்டும் ஏன் குறை தெரியவில்லை? 7 மெகாஹெர்ட்ஸில் வானத்திலிருந்து வரும் இரைச்சல் அதிகம். கேபிள் அங்கிளின் குரலையும் குறைத்தது, இரைச்சலையும் அதே அளவு குறைத்தது. ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

கையால் செய்யும் டியூனராக இருந்திருந்தால் மீட்டர் உண்மையைச் சொல்லியிருக்குமா? சொல்லியிருக்காது. அதுவும் நன்றாகவேதான் காட்டியிருக்கும். ஆனால் நோட்டில் இருந்த எண்களுக்குக் குமிழைத் திருப்பியதும் முள் அடியில் உட்கார்ந்திருக்காது. நேற்று இருந்த இடத்தில் இன்று இல்லையே, மேலே என்ன ஆனது என்று அந்த நிமிடமே கேட்டிருப்பேன். தானியங்கி அந்தக் கேள்வியை எனக்காக ஒவ்வொரு நாளும் கேட்டு, பதிலையும் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டது. உள்ளே எந்தச் சுருள், எந்த மின்தேக்கி சேர்ந்திருக்கிறது என்று எண்களைக் காட்டும் தானியங்கிகளும் இருக்கின்றன. நான் வாங்கும்போது அதைத் தேடவில்லை. விளக்கு அழகாக இருந்தது.

இதற்காகத் தானியங்கியைத் தூக்கிப் போடப் போவதில்லை. அடுத்து வாங்கினால் ஆண்டெனா அடியிலேயே மாட்டும் வகையைத்தான் வாங்குவேன். அங்கே கையால் திருப்ப யாரும் நிற்க முடியாது, ஆனால் பொருத்தம் அங்கேயே நடந்துவிட்டால் கேபிளில் அலை போய் வந்து வீணாவது குறையும். நான் செய்த மாற்றம் சின்னதுதான். மாதத்தில் ஒரு நாள் டியூனரை விலக்கிவிட்டுக் கம்பியை மட்டும் அளந்து, அதே நோட்டில் அங்கிள் எழுத்துக்குக் கீழே என் எழுத்தில் எழுதுகிறேன். புதுக் கேபிள் போட்ட அன்று 2.5 காட்டியது. மோசமான எண்ணைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குக் கூப்பிட்டேன். அவர் என் குறியைத் திருப்பிச் சொன்னார். ஐந்து, ஒன்பது என்றார். ஐந்து என்றால் வார்த்தை முழுதும் புரிகிறது. ஒன்பது என்றால் சத்தமாகவே இருக்கிறது. மூன்று வாரக் கதையைப் பேசி முடித்த பிறகு, இரும்புப் பெட்டியை மிரிக்கு அனுப்பி வைக்கட்டுமா என்று கேட்டேன். அவருடைய பெட்டிதானே, நோட்டோடு திருப்பிக் கொடுப்பதுதான் நியாயம் என்று எனக்கு.

"வேணாம்மா. கை நடுங்குது, ஒரு கோட்டுல நிறுத்த முடியல. மாப்பிள்ளை ஆட்டோமேட்டிக் வாங்கிக் கொடுத்து ஒரு வருசம் ஆச்சு."

எனக்குச் சிறிது நேரம் மைக்கை அழுத்தத் தோன்றவில்லை. மறுபடி அவர் குரல்தான் வந்தது.

"விளக்க நான் பாக்குறதில்ல. கண்ண மூடிக்கிட்டு டக்க எண்ணுவேன். இந்தக் கம்பிக்கு ராத்திரியில பதினொண்ணு. நேத்து பதினாலு அடிச்சிச்சு. காலையில பாத்தா தென்னமட்டை ஒண்ணு கம்பி மேல விழுந்து கெடக்குது."